நான்காவது அச்சம்

சொற்பப் பணத்தில், சில வாரங்களில், மரியாதைக்குரியவர்கள் முகஞ்சுளிக்கும்படி எடுக்கப்பட்ட பிரிட்டிஷ் திகில் படங்களையும், அவற்றை எடுத்த விசித்திர மனிதர்களையும் பற்றிய சிறப்புக் கட்டுரை

1967-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள சஃபோக் ஜில்லாவில், மரச்சட்டம் கோத்த பழைய வீடுகள் நூற்றாண்டுகளின் பாரத்தால் சற்றே சாய்ந்தும் நெளிந்தும் நிற்கிற லாவன்ஹாம் என்னும் சிற்றூரின் சந்தை மைதானத்தில், சூனியக்காரி என்று பழிசுமத்தப்பட்ட ஒரு பெண்ணை ஏணியோடு சேர்த்துக் கட்டித் தீயில் இறக்குகிற காட்சி படமாக்கப்பட்டது. காமிராவுக்குப் பின்னால் நின்று அதை நடத்திவைத்த மைக்கேல் ரீவ்ஸுக்கு அந்த அக்டோபரில்தான் 24 வயது நிறைந்தது. காமிராவுக்கு முன்னால், அந்தத் தண்டனையை விதித்த அதிகாரியாக நடித்த வின்சென்ட் பிரைஸுக்கு வயது 56, திகில் படம் என்றதும் உலகத்து ஜனங்களின் நினைவுக்கு வந்த நாலைந்து முகங்களுள் அவருடையது ஒன்று. டொனால்ட் பிளெசன்ஸ்தான் வேண்டும் என்று விரும்பிய ரீவ்ஸ், பணம் போட்ட அமெரிக்கக் கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் பிரைஸை ஏற்றுக்கொள்ள நேர்ந்தபடியால், இருவருக்குமிடையே ஆரம்பத்திலிருந்தே சுமுகம் இல்லை. மிகைநடிப்பைக் குறைக்கும்படி ஓயாமல் திருத்திக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையாண்டானைப் பார்த்து, தாம் எண்பதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்திருப்பதைச் சொல்லி, “தம்பி, நீ என்ன செய்திருக்கிறாய்?” என்ற பாவனையில் பிரைஸ் கேட்டதாகவும், மூன்று நல்ல படங்களை எடுத்திருப்பதாக ரீவ்ஸ் பதில் சொன்னதாகவும் ஒரு கதை இன்றளவும் வழங்கிவருகிறது. கதையின் சொற்கள் எப்படியிருந்தபோதிலும், படம் முடிந்து திரையில் பார்த்த பிறகு, தம்மிடமிருந்து அந்த இளைஞர் எதை வரவழைக்கப் பாடுபட்டார் என்பதை உணர்ந்து மனமாரப் பாராட்டும் பெருந்தன்மை பிரைஸிடம் இருந்தது.

‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ என்ற பெயரில் 1968-இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 83,000 பவுன். அதில் 51,000 பவுனை லண்டனிலிருந்த டைகான் என்ற சிறு கம்பெனியும், 32,000 பவுனை அமெரிக்கன் இன்டர்நேஷனல் என்ற கம்பெனியும் போட்டன. ஹாலிவுட்டின் கணக்கில் இது ஒரு பெரிய நட்சத்திரத்தின் உடுப்புச் செலவுக்குக்கூடக் காணாத தொகை. ஆயினும், மலிவு, அவசரம், ஆபாசம் என்று ஒதுக்கப்பட்ட பிரிட்டிஷ் திகில் சினிமா என்ன சாதித்தது என்று கேட்பவருக்கு முதலில் எடுத்துக்காட்ட வேண்டிய படம் இதுவே. விருதுகளும் சர்க்கார் அங்கீகாரமும் பெற்ற கௌரவமான சினிமா, தன் தேசத்துப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லத் துணியாத ஒன்றை, சொத்தும் பெயரும் இல்லாத இந்த வறிய சினிமா சொல்லிவிட்டது என்பதுதான் அதன் சரித்திரத்தில் சிந்திக்கத் தக்க அம்சம்.

சட்டம் செய்த சகாயம்

இத்தகைய படங்கள் கலைஞர்களின் சொப்பனங்களிலிருந்து பிறந்தன என்பதைவிட, சர்க்காரின் தஸ்தாவேஜுகளிலிருந்து பிறந்தன என்பதே பொருந்தும். அமெரிக்கப் படங்களின் பிரவாகத்துக்கு அணைபோடும் நோக்கத்தோடு, கொட்டகைகள் குறிப்பிட்ட விகிதத்தில் பிரிட்டிஷ் படங்களைக் காட்டியே தீரவேண்டும் என்று 1927-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த விகிதத்தை நிரப்புவதற்கென்றே அள்ளித் தெளித்த அவசரத்தில் எடுக்கப்பட்ட படங்களின் கூட்டத்தில், டாட் ஸ்லாட்டர் என்ற மேடை நடிகர், நாட்டுப்புற நாடகக் குழுக்களில் பழகிய வில்லச் சிரிப்பை அப்படியே எடுத்துவந்து, ‘ஸ்வீனி டாட்’ (1936) முதலிய கொலைக் கதைகளில் கர்ஜித்துக்கொண்டிருந்தார். யுத்தத்தின் நடுவே, 1942 முதல் 1945 வரை, திகில் படங்களுக்குத் தணிக்கை போர்டு அனுமதியே கொடுக்கவில்லை. பிறகு 1951-இல் அதே போர்டு, 16 வயதுக்கு உட்பட்டோர் பார்க்கக் கூடாத படங்களுக்கென்று ‘எக்ஸ்’ என்ற ஒரு புதிய முத்திரையை ஏற்படுத்தியது. ஐரோப்பாவிலிருந்து வரும் கருத்தாழமுள்ள படங்களுக்கு அது பயன்படும் என்று பெரியவர்கள் எண்ணியிருக்கலாம். வியாபாரிகளின் கண்ணுக்கோ, குழந்தைகளைத் தடுக்கும் அந்த எழுத்து வாலிபர்களை அழைக்கும் விளம்பரமாகத் தெரிந்தது. ஹாமர் கம்பெனி 1955-இல் ‘க்வாட்டர்மாஸ்’ படத்தை வெளியிட்டபோது, பரிசோதனை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை உதிர்த்துவிட்டு, எக்ஸ் எழுத்தே முன்னால் நிற்கும்படி தலைப்பு வைத்த சாமர்த்தியத்தை வேறு எப்படி அர்த்தப்படுத்துவது?

இரண்டாவது சகாயம் பண ரூபத்தில் வந்தது. கஜானா இலாகாவின் உயர் அதிகாரி சர் வில்ஃபிரெட் ஈடியின் பெயரால் வழங்கிய ஒரு தீர்வை, 1950-இல் சம்மதத்தின் பேரிலும் 1957 முதல் சட்டத்தின் பேரிலும், சினிமா டிக்கெட்டின் விலையில் ஒரு சிறு பகுதியை வசூலித்து, அதில் கொட்டகைக்காரருக்கு ஒரு பாதியை விட்டு, மறுபாதியைப் பிரிட்டிஷ் படம் எடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. எந்தப் படம் எவ்வளவு வசூலித்ததோ அந்த விகிதத்திலேயே பங்கு கிடைத்தது. படத்தின் தரம் என்ன, குணம் என்ன என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆகவே, ரத்தக் காட்டேரிகளும் பாதி உடுத்த மங்கையரும் நடமாடிய படங்களுக்கும், ஷேக்ஸ்பியரின் நாடகத்தைத் தழுவிய படத்துக்கும் ஒரே தராசில் பொன் நிறுக்கப்பட்டது. இதற்கிடையில் ஜனங்கள் கொட்டகையைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். 1946-இல் 163 கோடியே 50 லட்சமாக இருந்த டிக்கெட் விற்பனை 1960-இல் ஏறக்குறைய 50 கோடியாகச் சுருங்கிவிட்டது. குடும்பத்தோடு வந்தவர்கள் வீட்டில் டெலிவிஷனுக்கு முன்னால் அமர்ந்துவிட, எஞ்சி நின்ற வாலிபர்களுக்கு, வீட்டுப் பெட்டியில் காட்ட இயலாததைக் காட்டியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் தொழிலின் கழுத்தைப் பிடித்தது.

ஸோஹோவின் வர்த்தகர்கள்

இந்தச் சந்தர்ப்பத்தைச் சரிவரப் புரிந்துகொண்டவர்களுள் முதன்மையானவர் டோனி டென்ஸர். லண்டனில் ஏழை யூதக் குடியேறிகளின் மகனாக 1920-இல் பிறந்து, கொட்டகை மானேஜராகவும் விளம்பர அதிகாரியாகவும் வேலை பார்த்தவர். பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்டோவைக் குறித்து ஆங்கிலப் பத்திரிகைகள் பின்னர் ஓயாமல் உச்சரித்த ‘செக்ஸ் கிட்டன்’ என்ற பட்டத்தைச் சூட்டியவர் இவரே என்று சொல்வார்கள். 1960-இல் மைக்கேல் கிளிங்கர் என்பவரோடு கூட்டுச்சேர்ந்து, லண்டனின் கேளிக்கைப் பேட்டையான ஸோஹோவில், ஓல்ட் காம்ப்டன் தெருவில் ஒரு சினிமா சங்கத்தைத் தொடங்கினார். அங்கத்தினர் மட்டுமே நுழையக்கூடிய சங்கமாதலால், தணிக்கை போர்டின் முத்திரை பெறாத படங்களையும் அங்கே காட்ட முடிந்தது. சட்டத்தை மீறாமலே அதன் வேலியின் இடுக்கில் நுழைந்து வெளிவரும் இந்த வித்தைதான் டென்ஸரின் ஜீவிய காலத்து மூலதனம்.

எனினும் அவரை வெறும் சரக்கு வியாபாரி என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. போலந்திலிருந்து பணமில்லாமல் வந்து, கதையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த ரோமன் போலான்ஸ்கிக்கு, கௌரவமான ஸ்தாபனங்கள் கதவைத் திறக்காத வேளையில், டென்ஸரும் கிளிங்கரும் பணம் கொடுத்தார்கள். அதன் பலனாகப் பிறந்த ‘ரிபல்ஷன்’ 1965-இல் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருதையும், அடுத்த ஆண்டு ‘குல்-டி-சாக்’ தங்கக் கரடி விருதையும் பெற்றன. திகில் படம் ஒன்று எடுத்துத் தருவதானால் எடுத்துக்கொள் என்று வர்த்தகர்கள் சொன்ன வார்த்தைக்குள், தன் மனத்திலிருந்த இருளையெல்லாம் ஒளித்துவைத்து ஒப்படைத்தார் போலான்ஸ்கி. பின்னர் டென்ஸர் தனியாகப் பிரிந்து 1966-இல் தொடங்கிய டைகானில், அதே பேரத்தைச் செய்துகொள்ள வந்து சேர்ந்தவர்தான் ரீவ்ஸ்.

பேய்க்கு அப்பால்

மனிதனுக்கு அச்சம் நான்கு இடங்களிலிருந்து வரும் என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். வருத்தும் தெய்வமும் பேயும் ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, நான்காவதாக அவர் வைப்பது, தன்னை ஆளும் தலைவனை. அரசனை மட்டுமன்றித் தந்தையையும் ஆசானையும் இந்த நான்காம் வகையில் உரையாசிரியர்கள் அடக்குவார்கள். பிரிட்டிஷ் திகில் சினிமாவை இந்த வரிசையில் நிறுத்திப் பார்த்தால் அதன் போக்குப் பளிச்சென்று விளங்குகிறது.

பிரே என்ற கிராமத்தில், தேம்ஸ் நதிக்கரையில், ஒரு பழைய மாளிகையையே ஸ்டுடியோவாக்கிக்கொண்ட ஹாமர் கம்பெனி, 1957-இல் பிராங்கன்ஸ்டைனையும் 1958-இல் டிராகுலாவையும் வர்ணத்தில் எடுத்து உலகத்தை ஆட்கொண்டபோது, அதன் பிரதான இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரின் உலகில் தீமை என்பது வெளியிலிருந்து வருவது. கிறிஸ்டோபர் லீயின் காட்டேரி எங்கோ தூர தேசத்துக் கோட்டையில் உறங்குகிறது. பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங் என்ற கற்றறிந்த பெரியவர், நூலறிவும் சிலுவையும் துணையாக வந்து அதை அழிக்கிறார். ஓநாய் மனிதனைப் பற்றிய படம் இரண்டாம் வகையிலும், ஆட்களைக் கொன்று பிணங்களை விற்ற பர்க், ஹேர் என்பவர்களைப் பற்றி ஜான் கில்லிங் எடுத்த ‘தி ஃபிளெஷ் அண்ட் தி ஃபீண்ட்ஸ்’ (1960) மூன்றாம் வகையிலும் சேரும். இவை அனைத்திலும் பெரியவர்களின் ஆசனம் பெரும்பாலும் ஆட்டங்காணாமல் இருந்தது. அந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பவரே அரக்கர் என்று சொல்லத் துணிந்த நான்காம் வகைதான், ஹாமரைவிட வறியவர்களின் கையில், 1960-களின் பிற்பகுதியில் தலையெடுத்தது.

ரீவ்ஸின் கதை 1640-களின் உள்நாட்டு யுத்தத்தின் காலத்தில் நிகழ்வது. மாத்யூ ஹாப்கின்ஸ் என்ற உண்மையான மனிதன், சூனியக்காரிகளைக் கண்டுபிடிக்கும் அதிகாரி என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு, கீழை இங்கிலாந்தின் ஊர்களில் சுற்றி, நூற்றுக்கு மேற்பட்டோரைத் தூக்குமேடைக்கு அனுப்பியவன். 30 வயதுகூட நிரம்பாமல் 1647-இல் நோயால் இறந்தவன். படத்தில் ஒரு பேயும் இல்லை, ஒரு மந்திரமும் பலிப்பதில்லை. பச்சை வயல்களும் கோதுமை நிறத்து வெயிலும் நிறைந்த அந்த நிலத்தை, பின்னால் சாம் பெக்கின்பாவிடம் பணிபுரிந்த ஜான் கோக்கில்லன் அத்தனை அழகாகப் படம்பிடித்திருக்கிறார். அந்த அழகின் நடுவே, சட்டத்தின் பெயரால், கூலி பேசிக்கொண்டு, சித்திரவதை நடக்கிறது. ஊரார் வேடிக்கை பார்க்கிறார்கள். தீயின் கங்கில் சிறுவர்கள் கிழங்கு சுடுகிறார்கள். இறுதியில், காதலியைக் காப்பாற்ற வந்த இளம் போர்வீரன் ஹாப்கின்ஸைக் கோடரியால் வெட்டுகிறான், வெட்டிக்கொண்டே இருக்கிறான்; அவனுடைய தோழன் காணச் சகியாமல் ஹாப்கின்ஸைச் சுட்டுக் கொன்றுவிட, பழிவாங்கும் பாக்கியத்தைப் பறித்துவிட்டாயே என்று கதாநாயகன் வெறிபிடித்து அலறுகிறான். ஆர்ஃபோர்டு கோட்டையின் கற்சுவருக்குள் அவனுடைய அலறலும் காதலியின் அலறலும் கலந்து ஒலிக்கப் படம் முடிகிறது. கொடுங்கோலன் செத்தான், ஆனால் அவனுடைய வியாதி நல்லவனுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

தணிக்கை போர்டின் காரியதரிசி ஜான் டிரெவல்யன் பல இடங்களில் கத்தரி போடச் சொன்னார். சிலவற்றைத் தாமே வெட்டிக்கொடுத்த ரீவ்ஸ், ஒரு கட்டத்துக்குமேல் முடியாது என்று விலகிவிட, மிச்சத்தைப் பிறர் வெட்டினார்கள். நாடகாசிரியர் ஆலன் பென்னட் போன்றோர் படத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். வன்முறை அருவருப்பாகத்தான் இருக்க வேண்டும், அதை ரசிக்கும்படி காட்டுவதே அதர்மம் என்பதுதான் ரீவ்ஸின் சமாதானம். அவர் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. ராட்லி என்ற உயர்தரப் பள்ளியில் படித்தவர். பதின்வயது முடியும் முன்னரே அமெரிக்காவுக்குப் போய், தாம் வழிபட்ட டைரக்டர் டான் சீகலின் வீட்டு வாசலில் நின்று வேலை கேட்டவர். இத்தாலியில் ஒன்று, போரிஸ் கார்லோஃப் முதிய வயதில் நடித்த ‘தி சார்சரர்ஸ்’ (1967) ஒன்று, இந்தப் படம் ஒன்று என்று மூன்றோடு முடிந்தது அவர் கணக்கு. 1969 பிப்ரவரி 11-ஆம் தேதி, தூக்க மருந்தும் மதுவும் அளவுமீறிக் கலந்ததால் நேர்ந்த விபத்தில், 25 வயதில் மாண்டுபோனார்.

நீதிபதி, பாதிரி, தாய்

ரீவ்ஸ் முன்னூறு வருஷத்துக்கு முந்திய காலத்தில் வைத்துச் சொன்னதை, தம் காலத்து இங்கிலாந்தின் வரவேற்பறைக்குள் கொண்டுவந்து வைத்தவர் பீட் வாக்கர். 1939-இல் பிறந்தவர், தந்தை சிட் வாக்கர் பிரபல ஹாஸ்ய நடிகர், அவரைச் சிறுவயதிலேயே இழந்து, கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, மேடையில் தாமும் சிரிப்புக் காட்டிப் பார்த்து, பிறகு வீட்டிலே ஓட்டிப் பார்க்கும் 8 மில்லிமீட்டர் கவர்ச்சித் துண்டுப்படங்களை எடுத்து விற்று, அதில் வந்த லாபத்தை முழுநீளப் படத்தில் போட்டவர். யாரிடமும் கையேந்தாமல், ஒரு படத்தின் வசூலை அடுத்த படத்தின் முதலாக்கித் தம் சொந்தப் பணத்திலேயே படமெடுத்தது அவருடைய விசேஷம். படத்துக்கு முதலாளி, விற்பனையாளர், டைரக்டர் எல்லாம் தாமே ஆனபடியால், இதை எடுக்காதே என்று சொல்ல அவருக்குமேல் யாருமில்லை.

1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒழுக்கத்தைக் காக்கும் கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. மேரி ஒயிட்ஹவுஸ் என்ற முன்னாள் ஆசிரியை டெலிவிஷனைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்டிருந்தார்; லார்ட் லாங்ஃபோர்ட் ஆபாசத்தைப் பற்றி 1972-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்; கொலைக் குற்றத்துக்கு 1969-இல் நிரந்தரமாக ஒழிக்கப்பட்ட மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்ற கூக்குரலும் ஓயவில்லை. இந்தச் சமயத்தில், 1974-இல், வாக்கரும் கதாசிரியர் டேவிட் மெக்கில்லிவ்ரேயும் ‘ஹவுஸ் ஆஃப் விப்கார்ட்’ என்ற படத்தைக் கொண்டுவந்தார்கள். கண்பார்வையும் புத்தியும் மங்கிய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும், உத்தியோகம் இழந்த சிறை நிர்வாகி ஒருத்தியும் சேர்ந்து, நீதிமன்றங்கள் இளைஞர்களிடம் தயை காட்டுவதைப் பொறுக்காமல், தனியார் சிறைச்சாலை ஒன்றை இரகசியமாக நடத்துகிறார்கள். போட்டோவுக்குப் பகிரங்கமாக உடையின்றி நின்றதற்குச் சொற்ப அபராதத்தோடு தப்பிய ஒரு பெண் அங்கே அடைபடுகிறாள். முதல் குற்றத்துக்குத் தனிச்சிறை, இரண்டாவதற்குச் சவுக்கு, மூன்றாவதற்குத் தூக்கு. தளர்ந்துபோன ஒழுக்கத்தைக் கண்டு வருந்தி, கசையடியும் மரண தண்டனையும் மீண்டும் வரக் காத்திருப்போருக்கு இந்தப் படம் சமர்ப்பணம் என்று ஆரம்பத்திலேயே ஒரு வாசகத்தை வாக்கர் போட்டார். அவ்வளவு மரியாதையாகச் செருப்பால் அடித்தவர்கள் அந்நாட்டுச் சினிமாவில் அதிகம் பேர் இல்லை.

இதில் ஒரு கபடமும் உண்டு. சவுக்கையும் பெண்ணையும் விளம்பரத்தில் காட்டித்தான் வாக்கர் டிக்கெட் விற்றார். சவுக்கை ரசிக்க வந்தவனுக்கு, சவுக்கை ரசிப்பவர்கள் யார் என்று திரையில் காட்டினார். வாங்கியவனும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறான், விற்றவனும் ஏறுகிறான். இந்தத் தந்திரம் தர்மமா என்று கேட்டால் தயங்காமல் ஆமென்று சொல்ல முடியாது. பலிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

அதே ஆண்டு வந்த ‘ஃபிரைட்மேர்’ இன்னும் ஆழமானது. நரமாமிசம் தின்றதற்காக 1957-இல் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட டாரத்தி என்ற மூதாட்டி, பூரணமாகக் குணமாகிவிட்டாள் என்று வைத்தியர்கள் கொடுத்த அத்தாட்சியோடு, 15 வருஷம் கழித்து ஒரு பண்ணைவீட்டில் கணவனோடு குடியிருக்கிறாள். அவள்மீது கொண்ட அன்பினால் தானும் பைத்தியம்போல் நடித்துக் கூடவே சிறைப்பட்ட அந்தக் கணவன், அவள் மறுபடியும் கொலை செய்வதை அறிந்தும் வாய்பொத்தி நிற்கிறான். சீட்டு வைத்துக் குறி சொல்லும் சாக்கில் தனிமையில் வாடுவோரை வரவழைத்து, தேநீர் கொடுத்து, இனிமையாகப் பேசி, அவள் கொல்லுகிறாள். இந்த வேஷத்தில் நடித்த ஷீலா கீத், மேடையிலும் டெலிவிஷனிலும் குணச்சித்திர வேஷங்களில் பழகிய, நேரில் பார்த்தால் பக்கத்துவீட்டு அத்தையாகத் தோன்றக்கூடிய நடிகை. அந்த முகத்தில் பசி மெல்ல மெல்லப் படர்வதைப் பார்க்கையில், ஹாமரின் கோரைப்பற்கள் குழந்தை விளையாட்டாகிவிடுகின்றன. தாயின் வியாதி மகளுக்கு இறங்கியிருக்கிறது என்பது தெரியவரும் முடிவில், காப்பாற்ற வேண்டிய தந்தை அசையாமல் நிற்கிறார்.

அடுத்ததாக எடுத்த ‘ஹவுஸ் ஆஃப் மார்ட்டல் சின்’ படத்தில் பாதிரியார் ஒருவர், பாவமன்னிப்புக் கூண்டில் ஒரு பெண் சொன்னதை டேப்பில் பதிவுசெய்து அவளை மிரட்டுகிறார். தூபக்கலசத்தையும் நற்கருணை அப்பத்தையுமே கொலைக் கருவிகளாக்குகிறார். கடைசியில் தண்டனையும் அடைவதில்லை. நீதி, மருத்துவம், மதம், குடும்பம் என்று ஒவ்வொரு ஸ்தாபனமாக வாக்கர் தட்டிக்கொண்டே போனார். இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதற்கு டைகானே சாட்சி: பியர்ஸ் ஹேகார்டின் ‘பிளட் ஆன் சேட்டன்ஸ் கிளா’வில் (1971) கெட்டுப்போவது இளையவர்கள், வாளேந்தி வந்து அவர்களை அடக்குவது ஒரு நீதிபதி. ரீவ்ஸின் படத்தில் கிராம்வெலாக வந்த பேட்ரிக் வைமார்க்தான் அந்த நீதிபதி. ஆயினும் தீயின் ஊடே அவருடைய கண்ணில் படம் உறைந்து நிற்கும்போது, காப்பாற்றியவர்மீதும் நமக்கு முழு நம்பிக்கை பிறப்பதில்லை.

விசித்திரர்களின் வரிசை

எல்லோரும் இத்தனை கடுமையானவர்கள் அல்லர். ஆன்டனி பால்ச் என்பவர், சிறுவயதில் பிரைட்டன் நகரத்து மேடையில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியை நேரில் சந்தித்து, அந்தப் பிரேமையை ஆயுள் முழுதும் விடாதவர். ஒருபுறம் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸோடு சேர்ந்து, சாமானியர் தலையும் வாலும் காணமுடியாத சோதனைக் குறும்படங்களை எடுத்தார். மறுபுறம் லண்டனில் கொட்டகைகளை நிர்வகித்துக்கொண்டு, வெளிநாட்டுப் படங்களுக்குக் காரசாரமான புதுப்பெயர் சூட்டி விநியோகித்தார். முப்பது வருஷங்களாகப் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டிருந்த ‘ஃபிரீக்ஸ்’ (1932) படத்துக்கு 1963-இல் எக்ஸ் முத்திரை வாங்கித் திரைக்குக் கொண்டுவந்த பெருமை அவருடையது. அவருடைய ‘ஹாரர் ஹாஸ்பிடல்’ (1973), ஆரோக்கிய விடுதி என்ற பெயரில் வாலிபர்களின் மூளையை அறுத்து அடிமைகளாக்கும் ஒரு டாக்டரைப் பற்றியது. தப்பியோடுகிறவர்களின் தலையைச் சீவுவதற்கென்றே பக்கவாட்டில் கத்தி பொருத்திய மோட்டார் கார் ஒன்று அதில் ஓடுகிறது. டாக்டராக நடித்த மைக்கேல் காஃபுக்கு, லுகோசியின் பழைய மலிவுப் படம் ஒன்றைப் போட்டுக்காட்டி, இந்தப் பாணியில் நடியுங்கள் என்று பால்ச் கேட்டுக்கொண்டார். கலையிலே உயர்ந்தது தாழ்ந்தது என்ற ஜாதிபேதம் அறியாத இந்த மனிதர் 1980-இல் அகால மரணமடைந்தார்.

2021-இல் மறைந்த நார்மன் ஜே. வாரன், மென்மையான சுபாவத்துக்குப் பெயர்போனவர். அவருடைய ‘பிரே’ (1977) என்ற படம் ஏறக்குறைய பத்தே நாட்களில் படமாக்கப்பட்டது. வேற்றுக் கிரகத்திலிருந்து உளவறிய வந்த ஒருவன், நாட்டுப்புற மாளிகையில் தனித்து வாழும் இரு பெண்களின் வாழ்வில் நுழைந்து, மனித இனம் ருசியான ஆகாரம்தானா என்று பரிசோதிக்கிறான். ‘இன்செமினாய்ட்’ (1981) படத்துக்கு வேற்றுக் கிரகத்தின் பாதாளம் தேவைப்பட்டபோது, செட் போடப் பணமில்லாமல், லண்டனின் புறநகரான சிஸில்ஹர்ஸ்ட் சுண்ணாம்புக் குகைகளின் ஈரத்திலும் குளிரிலும் நடிகர்களை இறக்கினார். ஸ்டுடியோவில் லட்சங்களைக் கொட்டினாலும் கிடைக்காத ஒரு மூச்சுத்திணறல் அந்தக் குகைகளின் தயவால் படத்துக்குக் கிடைத்தது. சித்திரக்கதை ஓவியராயிருந்த ஸ்பானியர் ஹோசே லாராஸ், ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் எடுக்க இயலாததை இங்கிலாந்துக்கு வந்து எடுத்தார். ஹாமரின் பழைய பிரே ஸ்டுடியோவுக்கு அண்டையிலுள்ள ஓக்லி கோர்ட் மாளிகையில் அவர் எடுத்த ‘வேம்பயர்ஸ்’ ஒன்று. கேன்ஸ் விழாவில் 1974-இல் பிரிட்டனின் சார்பிலேயே போட்டியிட்ட ‘சிம்ப்டம்ஸ்’ மற்றொன்று. நாட்டின் பிரதிநிதியாகப் போன அந்தப் படத்தின் மூலப்பிரதி பிறகு பல வருஷங்கள் கண்டுபிடிக்க முடியாமல் கிடந்தது.

வழக்கின் மறுபக்கம்

இந்தச் சினிமாவுக்கு வக்காலத்து வாங்குவோர் ஒரு விஷயத்தை மழுப்பிவிடுகிறார்கள். நூற்றில் பெரும்பாலான படங்கள் வெறும் குப்பை. நாலு வசனமும் மூன்று குளியலறைக் காட்சியும் கொண்டு ஒன்றரை மணி நேரத்தை நிரப்பியவை. கொலையுண்ணும் பெண்ணின் தேகத்தைக் காமிரா நீண்ட நேரம் தடவிப் பார்ப்பதற்குக் கதை ஒரு சாக்காக மட்டுமே இருந்தது. அதிகாரத்தை எதிர்த்தவர்கள் என்று நாம் மெச்சும் இயக்குநர்களின் படங்களிலும், அந்த அதிகாரத்தின் கொடுமையை அனுபவிப்பதற்கு எப்போதும் ஓர் இளம்பெண்ணின் உடல்தான் வாடகைக்கு எடுக்கப்பட்டது. ரீவ்ஸின் படம் இதற்கு விலக்கல்ல. வாக்கரின் படங்கள் நிச்சயமாக அல்ல.

முடிவும் சட்டத்தின் வழியாகவே வந்தது. வீடியோ நாடாவில் வந்த ரத்தப் படங்களை எதிர்த்துப் பத்திரிகைகள் எழுப்பிய பெருங்கூச்சலின் விளைவாக 1984-இல் வீடியோ சட்டம் பிறந்தது. அதே ஆண்டு டிக்கெட் விற்பனை 5 கோடியே 40 லட்சமாக வீழ்ந்தது. மறு ஆண்டு ஈடி தீர்வை ரத்தாயிற்று. வாக்கர் அதற்கு முன்பே, பிரைஸ், குஷிங், லீ, ஜான் காரடீன் ஆகிய நால்வரையும் ஒரே படத்தில் கூட்டி 1983-இல் ஒரு பிரியாவிடை நடத்திவிட்டு, கொட்டகைகளைப் புதுப்பிக்கும் கட்டிட வியாபாரத்துக்குப் போய்விட்டார். இன்று பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட்டே முன்வந்து, ஒரு காலத்தில் ஸோஹோவில் ஒளிந்து பார்க்கப்பட்ட படங்களைச் சுத்திகரித்து வெளியிடுகிறது.

இந்த அங்கீகாரம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு மைக்கேல் பாவெலின் கதை விடை தருகிறது. யுத்த காலத்திலும் பின்னரும் தேசத்தின் தலைசிறந்த டைரக்டர்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட பாவெல், 1960-இல் ‘பீப்பிங் டாம்’ எடுத்தார். அச்சத்தை ஆராய்வதற்காகத் தன் மகனையே குழந்தைப் பருவத்தில் வதைத்துப் படம்பிடித்த ஒரு விஞ்ஞானியும், வளர்ந்தபின் காமிராவாலேயே கொலைபுரியும் அந்த மகனும்தான் கதை. தந்தையாகத் தோன்றியவர் பாவெல்தான், குழந்தையாகத் தோன்றியது அவருடைய சொந்த மகன். விமர்சகர்கள் ஒருசேரச் சீறினார்கள். அதன்பின் பிரிட்டனில் அவர் தொழில் தலைநிமிரவில்லை. நான்காவது அச்சத்தை ஒரு கௌரவமான மனிதர் சொன்னால் மன்னிப்பில்லை. வாக்கரிடம் பறிப்பதற்கு அப்படியொரு கௌரவம் இருக்கவில்லை. அவரை விமர்சகர்கள் திட்டினால் டிக்கெட் கூடுதலாக விற்றதே தவிரக் குறையவில்லை.

எனக்கு எந்தச் சித்தாந்தமும் கிடையாது, கொஞ்சம் விஷமம் செய்து பணம் பண்ண நினைத்தேன், அவ்வளவே என்ற தோரணையில்தான் வாக்கர் பிற்காலத்தில் பேசிவந்தார். அதை நம்புவதில் ஆட்சேபமில்லை. ஆனால், சொந்தப் பணத்தைப் போட்டுப் பிழைக்கும் மனிதன், ஜனங்கள் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்பதில் தவறுசெய்ய முடியாது. இரண்டு படம் தோற்றால் மூன்றாவது படம் இல்லை. வேலைநிறுத்தங்களும் மின்வெட்டும் வாரத்துக்கு மூன்று நாள் வேலையும் இரண்டு பொதுத்தேர்தல்களும் கண்ட 1974-ஆம் ஆண்டின் இங்கிலாந்தில், நீதிபதியையும் வைத்தியரையும் தாயையும் தந்தையையும் அரக்கராகக் காட்டுவதற்கு இளைஞர்கள் வரிசையில் நின்று காசு கொடுத்தார்கள் என்றால், அந்தக் கருத்து வாக்கருடையதா என்று தேடுவது வீண். அது டிக்கெட் வாங்கியவர்களுடையது. அவர் அதை விலைக்கு விற்றார்.